தனியாகப் போனேன்... மூன்று தீவு பார்த்தேன்!



இந்தப் பகுதியில் காசி, பத்ரிநாத் போய் வந்த அனுபவங்களை எழுதுவீர்கள். நானும் ஆசையாகப் படிப்பேன். என்னிடம் எழுத என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். திருச்சியில் வீடு, சமையல், சாயந்திரம் ஆனால் கோவில் என்று 57 வயது வரை ஓட்டியவள் நான். பக்கத்துத் தெரு ரேஷன் கடை தவிர எங்கும் தனியாகப் போனது கிடையாது. ஸ்ரீரங்கம் போவதென்றாலும் அவர் வர வேண்டும், அல்லது நாத்தனார் வர வேண்டும். அப்படிப்பட்ட நான் ஒரு நாள் முழுவதும், சொந்தக்காரர் ஒருவரும் இல்லாமல், மத்தியதரைக் கடலில் கப்பலில் போய் மூன்று தீவுகளைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் நம்புவீர்களா? என் நாத்தனார் இன்னும் நம்பவில்லை!

மகள் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் வேலையில் இருக்கிறாள். 2023 செப்டம்பரில் என்னை அழைத்துப் போயிருந்தாள். நான் போன மூன்றாவது வாரம் அவளுக்கு கிரீஸ் நாட்டு ஏதென்ஸ் நகரத்தில் ஆபீஸ் மீட்டிங் வந்துவிட்டது. "நீயும் வா அம்மா" என்று கூட்டிப் போனாள். ஏதென்ஸில் சமையல் மேடை உள்ள ஒரு சின்ன அறை எடுத்திருந்தாள். முதல் நாள் ராத்திரி, "நாளைக்கு முழுக்க எனக்கு மீட்டிங். நீ ரூமிலேயே உட்கார்ந்தா போரடிக்கும். உனக்கு கப்பல் டிக்கெட் போட்டிருக்கேன். காலையில போய் சாயந்திரம் வந்துடலாம்" என்றாள்.

"யார் கூட?" என்றேன்.

"யார் கூடவும் இல்ல. நீ மட்டும்தான்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இங்கிலீஷ் நான் பத்தாம் வகுப்பில் விட்டது. யெஸ், நோ, தேங்க் யூ, எவ்வளவு என்று கேட்க 'ஹவ் மச்' - அவ்வளவுதான் என் கையிருப்பு. ஊருக்கு போன் போட்டு அவரிடம் சொன்னால், "உனக்கு என்ன தெரியும்னு தனியா அனுப்புறா? பேசாம ரூம்ல படுத்துக்கோ" என்றார். அவர் அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அந்த 'உனக்கு என்ன தெரியும்' என்ற வார்த்தை இருக்கிறதே... கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறேன். அன்றைக்கு ஏனோ சுருக்கென்றது. டிக்கெட்டும் நம் பணத்தில் பத்தாயிரத்துக்கு மேல். வீணாக்க மனசு வருமா? சரி, போய்த்தான் பார்ப்போமே என்று விடியற்காலை எழுந்து புளிசாதம் கிளறி டப்பாவில் அடைத்துக் கொண்டேன். நான் சுத்த சைவம்.

காலை ஏழு மணிக்கு பஸ் வந்து ஏற்றிக் கொண்டு துறைமுகத்தில் விட்டது. மூன்று அடுக்கு கப்பல், பல நூறு பேர். ஏறும்போதே சட்டையில் ஒட்டிக் கொள்ள ஒரு வட்ட ஸ்டிக்கர் கொடுத்தார்கள். எனக்கு மஞ்சள். புடவையில் ஒட்டினால் காற்றில் பறந்துவிடும் என்று ரவிக்கைக் கையில் ஒட்டிக் கொண்டேன்.

புடவை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கப்பல் பயணத்துக்குப் புடவை கட்டிக் கொண்டு போகிறவர்கள் ஆறு ஏழு ஊக்காவது குத்திக் கொள்ளுங்கள். மேல் தட்டில் அடிக்கிற காற்றில் முந்தானை பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரத் தாத்தா முகத்தை மூடிவிட்டது. அவர் சிரித்தார். எனக்குத்தான் மானம் போயிற்று. அப்புறம் கீழ்த் தட்டுக்கு வந்துவிட்டேன். குமட்டல் வருமோ என்று இஞ்சி மரப்பா வைத்திருந்தேன். நடுவாக, கீழ்த் தட்டில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு என்று மகள் சொல்லியிருந்தாள். அது சரிதான். கடலும் அன்று குளம் மாதிரி இருந்தது.

நாங்கள் போனது சரோனிக் வளைகுடா. மத்தியதரைக் கடலின் ஒரு பகுதியான ஏஜியன் கடல் ஏதென்ஸ் பக்கம் உள்ளே வளைந்து வருகிற இடம். தண்ணீரின் நிறத்தை எப்படிச் சொல்வது? நாம் வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவோமே, அந்த நீலத்தை டப்பாவோடு கொட்டிய மாதிரி. கரை ஓரத்தில் மட்டும் பச்சை.

இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடி முதல் தீவு வந்தது. பேர் ஹைட்ரா. அந்த ஊர்க்காரர்கள் இத்ரா என்கிறார்கள். குதிரை லாடம் மாதிரி வளைந்த சின்ன துறைமுகம். மலைச் சரிவில் கொலு வைத்த மாதிரி படிப்படியாகக் கல் வீடுகள். இந்தக் கடலில் அலை ஏற்ற இறக்கம் மிகக் குறைவாம். அதனால் கடைத்தெருவும் கடலும் ஒட்டியே இருக்கின்றன. காலை எடுத்து வைத்தால் காப்பிக் கடை!

இங்கே கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது. சட்டம் போட்டே தடுத்து வைத்திருக்கிறார்கள். குப்பை வண்டி மாதிரி ஒன்றிரண்டுக்கு மட்டும்தான் அனுமதி. மற்றபடி எல்லாம் கழுதையும் கோவேறு கழுதையும்தான். சிமென்ட் மூட்டையும் கழுதை மேல், பிரிட்ஜும் கழுதை மேல்! துறைமுகத்திலேயே ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி கழுதை ஸ்டாண்டு. கழுத்தில் மணி கட்டி வரிசையாக நிற்கின்றன. ஹாரன் சத்தமே இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று நான் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. மணிச் சத்தமும் செருப்புச் சத்தமும்தான்.

தண்ணீர்க் கதை கேளுங்கள். அந்தக் காலத்தில் நிறைய ஊற்று இருந்ததால்தான் தண்ணீர் என்ற பொருளில் இந்தத் தீவுக்குப் பேர் வந்ததாம். பிற்பாடு ஊற்றெல்லாம் வற்றி, பல காலம் எதிர்க்கரையிலிருந்து கப்பலில் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறார்கள். இப்போது கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் வைத்திருக்கிறார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நமக்கு இது புரியும். தண்ணீர் என்று பேர் வைத்த ஊரிலும் தண்ணீர் இல்லை!

1821-ல் துருக்கியரை எதிர்த்து கிரேக்கர்கள் சுதந்திரப் போர் தொடங்கியபோது, இந்தச் சின்னத் தீவின் கப்பல்கள்தான் பெரும் பலமாக இருந்தனவாம். இதில் ஒரு பெண்மணி கதை உண்டு. லஸ்கரீனா பூபூலினா என்று பேர். அப்பா ஹைட்ராக்காரர், கப்பல் தலைவர். துருக்கியர் சிறையில் அப்பா இருந்தபோது அங்கேயே பிறந்தவர். இரண்டு முறை கணவரை இழந்தவர், ஏழு பிள்ளைகளுக்குத் தாய். பக்கத்துத் தீவான ஸ்பெட்சஸில் வாழ்ந்து, சொந்தப் பணத்தில் போர்க் கப்பல் கட்டி, தானே நடத்திப் போனார். கிரீஸில் யூரோ வருவதற்கு முன் ஒரு டிராக்மா காசில் இவர் முகத்தைப் போட்டிருந்தார்கள். நம் வேலு நாச்சியாரைத்தான் நினைத்துக் கொண்டேன். ஏழு பிள்ளை வளர்த்தவள் கப்பலே ஓட்டியிருக்கிறாள், நான் கப்பலில் உட்கார்ந்து வருவதற்கே இத்தனை பயந்தேனே!

துறைமுகத்தை ஒட்டியே ஒரு பழைய மாதா கோவில், பளிங்கு மணிக்கூண்டோடு. தோள் தெரிய உடுத்தினவர்கள் துணி போர்த்திக் கொண்டுதான் போக வேண்டும். எனக்குப் பிரச்னையே இல்லை. உள்ளே மெல்லிய மெழுகுவர்த்தியை ஏற்றி மணலில் நட்டு வைக்கிறார்கள். மாதா படத்துக்குப் பக்கத்தில் பார்த்தால், தோழிகளே, நம் சமயபுரம் சந்நிதி வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது. கண், கை, கால், குழந்தை என்று சின்னச் சின்ன உலோகத் தகடுகள் கோத்துத் தொங்குகின்றன! அதற்கு 'தாமா' என்று பேர். கண் நோய் வந்தால் கண், கால் வலித்தால் கால். நாம் அம்மனுக்குக் கண்மலர் வாங்கிப் போடுகிறோமே, அதேதான். எனக்கு ஒரு முழங்கால் தகராறு உண்டு. வாங்கிப் போட அங்கே கடை இல்லை, கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் கோவிலை விட்டு வந்து, நாலு படி ஏறிப் பார்ப்போமே என்று ஏறினேன். சந்து சந்தாகப் போகிறது. வாசலில் பூனை, திண்ணையில் பூந்தொட்டி. கப்பல் கிளம்ப இருபது நிமிஷம் இருக்கும்போது இறங்கி வந்து பார்க்கிறேன்... கப்பலைக் காணோம்!

நான் இறங்கிய இடத்தில் வேறு ஏதோ படகு நிற்கிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. மணியைத் தப்பாகக் கேட்டுவிட்டேனா? போனை எடுத்தால், காலையிலிருந்து கழுதையையும் பூனையையும் படம் எடுத்ததில் பேட்டரி போயிருந்தது. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியவர் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் மனசு எங்கெல்லாம் போயிற்று தெரியுமா? மகள் மீட்டிங்கை விட்டு ஓடி வருவாள், அவர் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்பார், அதை நாத்தனார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அழுதால் அழுது கொண்டேதான் நிற்க வேண்டும் என்று எனக்கே தோன்றி, பக்கத்தில் இருந்த பாசிமணிக் கடைக்குள் போனேன்.

கடையில் என் வயதில் ஓர் அம்மா. என் ஸ்டிக்கரைக் காட்டி, கையால் கப்பல் மாதிரி அசைத்து, 'எங்கே?' என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், சிரித்தார். கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்து துறைமுக வாய்க்கு வெளியே காட்டினார். அங்கே நிம்மதியாக நிற்கிறது நம் கப்பல்! துறைமுகம் சின்னது, அதனால் ஆட்களை இறக்கிவிட்டு, அடுத்த கப்பலுக்கு இடம் விட்டு வெளியே போய் நிற்குமாம். நேரம் வந்ததும் திரும்ப வரும். அதை மைக்கில் சொல்லித்தான் இருப்பார்கள், எனக்குப் புரிந்தால்தானே!

அந்த அம்மா ஒரு நாற்காலி போட்டு, ஒரு டம்ளர் ஜில்லென்று தண்ணீர் கொடுத்தார். தண்ணீர்க் கஷ்டம் பட்ட தீவில் அந்தத் தண்ணீர்! ஏதாவது வாங்கலாம் என்று பர்ஸைத் திறந்தால், வேண்டாம் என்று கையை மூடிவிட்டார். கப்பல் வரும் வரை உட்கார வைத்துக் கொண்டார். நெற்றிப் பொட்டைக் காட்டி ஏதோ கேட்டார். பர்ஸில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. அப்படியே கொடுத்துவிட்டேன். கண்ணாடியைப் பார்த்து அவரே ஒன்று ஒட்டிக் கொண்டார்.

இதிலிருந்து தெரிந்து கொண்டது: கூட்டமாகப் போகிற கப்பலில் ஏறினால், கிளம்பும் நேரத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். கப்பலையும் பேரோடு ஒரு போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். கழுதையை அப்புறம் எடுக்கலாம்.

கப்பலில் மத்தியானச் சாப்பாடு. என் மேஜையில் பிரேசில் நாட்டு அம்மா ஒருவர், அவரும் தனியாக வந்தவர். அவருக்கும் இங்கிலீஷ் வராது. எனக்கு அதில் ஒரு தைரியம்! திராட்சை இலையில் சாதத்தை வைத்து விரல் மாதிரி உருட்டியிருந்தார்கள். உள்ளே கறி வைப்பதும் உண்டு என்று மகள் எச்சரித்திருந்தாள். பரிமாறுகிறவரிடம் "நோ மீட்?" என்று கேட்டு, அவர் "ஒன்லி ரைஸ்" என்ற பிறகே வாயில் வைத்தேன். எலுமிச்சைப் புளிப்போடு நன்றாகவே இருந்தது. பெரிய பெரிய வெள்ளை மொச்சை தக்காளியில் வேக வைத்தது, கீரை வைத்த பப்ஸ் மாதிரி ஒன்று, வெள்ளரிக்காய் தக்காளி மேல் ஆட்டுப்பால் வாடையோடு ஒரு கட்டிச் சீஸ். சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனாலும் என் புளிசாதத்தைத் திறந்தேன். பிரேசில் அம்மா ஒரு ஸ்பூன் எடுத்துப் பார்த்து, அப்புறம் டப்பாவையே தன் பக்கம் இழுத்துக் கொண்டார்!

அங்கத்துக் காப்பி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பொடியோடு கொதிக்க வைத்து வடிகட்டாமல் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பாதிக்கு மேல் குடித்தால் வாயெல்லாம் மண்டி.

இரண்டாவது தீவு போரோஸ். முக்கால் மணி நேரம்தான் நின்றது. எதிர்க்கரைக்கும் தீவுக்கும் நடுவில் கால்வாய் மாதிரி குறுகலாகக் கடல் ஓடுகிறது. எதிர்க்கரையில் எலுமிச்சைத் தோப்புகளுக்குப் பேர் போன இடம். உச்சியில் 1927-ல் கட்டிய மணிக்கூண்டு. முழங்காலை நினைத்து நான் ஏறவில்லை. கி.மு. 322-ல், பெரிய பேச்சாளர் டெமாஸ்தனிஸ் எதிரிகள் பிடிக்க வந்தபோது இந்தத் தீவில் இருந்த கடல் தெய்வத்தின் கோவிலில்தான் விஷம் குடித்து இறந்தாராம்.

மூன்றாவது ஏஜினா. இங்கே பஸ்ஸில் அபாயா கோவிலுக்குக் கூட்டிப் போக மகள் சேர்த்தே பணம் கட்டியிருந்தாள். வழியெல்லாம் பிஸ்தா மரங்கள். பாயசத்தில் போடுகிற பிஸ்தா மரத்தில் கொத்துக் கொத்தாக, லேசாகச் சிவந்த தோலோடு இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் அறுவடை. 1828-ல் விடுதலையான கிரீஸுக்கு முதல் தலைநகரம் இந்தத் தீவுதான்.

கோவில் மலை மேல், பைன் மரங்களுக்கு நடுவே. கி.மு. 500 வாக்கில் கட்டியது, அபாயா என்ற பெண் தெய்வத்துக்கு. கூரை இல்லை, சந்நிதி இல்லை, தூண்கள்தான் நிற்கின்றன. எனக்கு இந்தக் கோவிலைப் பார்த்ததும் வேறு ஒன்று ஞாபகம் வந்தது. முந்தின வாரம்தான் மியூனிக்கில் ஒரு மியூசியத்துக்கு மகள் கூட்டிப் போயிருந்தாள். அங்கே ஒரு பெரிய கூடத்தில் போர் வீரர்களின் பளிங்குச் சிலைகள். ஒருவன் அடிபட்டு, கேடயத்தோடு சாய்ந்து கிடக்கிறான், உயிர் போகிற மாதிரியே இருக்கும். அவை இந்தக் கோவில் முகப்பில் இருந்தவை! கிரீஸ் துருக்கியர் ஆட்சியில் இருந்த 1811-ல் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் தோண்டி எடுத்துப் போய் ஏலம் விட, பவேரியா இளவரசர் வாங்கிவிட்டார். அன்றிலிருந்து அங்கேதான்.

சிலையை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் அது இருந்த இடத்தை வெறுமையாகப் பார்ப்பது என்னமோ போல் இருந்தது. நம் அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் திருடு போய், ஆஸ்திரேலியா மியூசியத்தில் நின்று, 2014-ல் திரும்பி வந்தாரே, அவரை நினைத்துக் கொண்டேன். இவர்கள் திருடவில்லை, ஏலத்தில்தான் வாங்கினார்கள் என்று மகள் அன்றே சொல்லியிருந்தாள். இருக்கட்டும். சாமி இல்லாத கோவிலில் எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது? கடல் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன்.

திரும்பும்போது கப்பலில் பாட்டு, ஆட்டம். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, மெதுவாக ஆரம்பித்து வேகமாக முடிக்கிற ஆட்டம். பழங்கால நடனம் என்றே நினைத்தேன். 1964-ல் வந்த சோர்பா சினிமாவுக்காக அமைத்தது என்று மகள் பிறகு சொன்னாள். பிரேசில் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் மாட்டேன் என்றேன். இன்னொரு பக்கம் இன்னொருவர் இழுத்தார். கும்மி அடித்த கால்தானே, இரண்டு சுற்று சுற்றினேன்! முழங்கால் அன்றைக்கு ஒத்துழைத்தது. யாராவது போட்டோ எடுத்திருப்பார்கள், எங்கள் தெருவுக்கு வந்து சேராமல் இருந்தால் சரி.

இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. துறைமுகத்தில் மகள் நின்று கொண்டிருந்தாள், மீட்டிங் உடையோடு. "பயமா இருந்துச்சாம்மா?" என்றாள்.

"பயம் என்னடி பயம், ஜம்முனு போயிட்டு வந்தேன்" என்றேன். ராத்திரி ஊருக்குப் பேசினபோது அவரிடமும் அதையேதான் சொன்னேன். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். ஏஜினாவில் வாங்கிய பிஸ்தா இரண்டு பாக்கெட். ஒன்று நாத்தனாருக்குக் கொடுத்தாயிற்று. ஹைட்ராவில் கப்பலைக் காணாமல் நின்ற கதையை மட்டும் இன்னும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்து கொள்ளப் போகிறார்கள்.

- ஒரு வாசகி, திருச்சி.